விற்பனைக்கு வைக்காத சோளப் பேனா

தம்பி,

சென்னையில் நடக்கப்போகும் பேனாக் கண்காட்சிக்கு உன்னைப் போகவிடாமல் நான்தான் தடுக்கிறேன் என்று ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். அப்படி ஓர் அழைப்பு உனக்கு வந்திருப்பதே ஞாயிற்றுக்கிழமைவரை எனக்குத் தெரியாது. அன்று மாதாகோயில் பூசை முடிந்து வழக்கம்போல் ஏரியை ஒரு சுற்று நடந்து வந்தேன். படகுத் துறைக்குப் பக்கத்தில் சோளம் சுட்டு விற்கிற மாரியாயி, விசிறியை நிறுத்தாமலே கேட்டாள்.

“என்னங்கம்மா, மகனை மெட்ராசுக்கு அனுப்ப மாட்டேன்னுட்டீங்களாமே?”

“யார் சொன்னது?”

“ஊரே சொல்லுது. சோளக் கட்டையில பேனா செய்யிறதப் பெரிய மனுசங்க முன்னாடி வச்சா ரிஜிஸ்டர் அம்மாவுக்குக் கௌரவக் கொறச்சலாம்ல.”

“உனக்கும் அப்படித்தான் தோணுதா?”

“எனக்கு என்னாங்க தோண? நான் முத்தை விக்கிறேன், அவரு கட்டையை விக்கிறாரு. அவருதான் கெட்டிக்காரரு.”

அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குத்தான் போனேன். நீ கடைத்தெருவுக்குப் போயிருந்தாய். ஸ்டெல்லா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டதும் கையைத் துடைத்துவிட்டு, போனில் வந்திருந்த அழைப்பைக் காட்டினாள். “அவருதான் அத்தை, அம்மாவைத் தனியா விட்டுட்டு வர முடியாதுன்னு சொல்லப் போறேங்கிறாரு. இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணுமாம்” என்றாள். மூன்று நாள் தனியாக இருக்க நான் என்ன தொட்டில் பிள்ளையா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. “அதுல கீழ ஒரு வரி இருக்கு அத்தை, படிங்க” என்றாள். படித்தேன். பேனா செய்பவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் மேசையில் அமர்ந்து, வருகிறவர்கள் முன்னால், தாம் செய்த பேனாவால் தம் கையாலேயே எழுதிக் காட்ட வேண்டும் என்று இருந்தது. இரண்டாம் முறை படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நீ தயங்குவது என்னைத் தனியே விட அஞ்சி அல்ல.

பத்து நிமிட நடைக்கு எதற்கு அஞ்சல்தலை என்று கேட்பாய். நேரில் சொன்னால் நீ “சரிம்மா” என்பாய். உன் “சரிம்மா”வுக்கு இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது என்று பொருள். எனக்குச் சொல்லி முடிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஊரில் பேசியவர்களிடம் இந்தக் கடிதத்தை நீ காட்டினாலும் எனக்கு வருத்தமில்லை.

கௌரவக் குறைச்சல் என்கிறார்களே, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கோயம்புத்தூர் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய கடைசல் இயந்திரத்தை டெம்போவில் ஏற்றிக்கொண்டு நீ மலையேறி வந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மை. உன் அப்பா போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. “மெஷின் படிச்சவன் மெழுகுவத்தி ஸ்டாண்டு கடையப் போறியா?” என்று கேட்டேன். நீ என் வீட்டுப் பின்கட்டில் இருந்த விறகுக் கொட்டகையைக் காலி செய்ய ஆரம்பித்தாய். பேரி மரம், பெரும்பாறையிலிருந்து வந்த காப்பிச் செடியின் அடிக்கட்டை, ஆடலூர் மிளகுக் கொடியின் முற்றிய தண்டு என்று ஒவ்வொன்றாகக் கடைந்து பார்த்தாய். அதெல்லாம் மரம்தானே, எனக்கு வியப்பில்லை. ஒருநாள் சாக்கு நிறைய, ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்கள் தின்று எறிந்த சோளக் கட்டையைப் பொறுக்கிக்கொண்டு வந்து நின்றாய். எச்சில் என்று நான் வாசலிலேயே நிறுத்தினேன். மாரியாயி என்னிடம், “வீட்ல மாடு கீடு வாங்கிருக்கீங்களா?” என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. மறைக்கவில்லை.

ஆனால் அந்தச் சாக்கு என்ன ஆனது என்று ஊருக்குத் தெரியாது. கொட்டகைக் கூரையில் பரப்பி வைத்தாய். இந்த ஊர் மஞ்சில் துணியே இரண்டு நாள் காயாது, சுட்ட சோளக் கட்டை எங்கே காயும்? பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூத்து நாறியது. வேறொருவன் என்றால் விட்டிருப்பான். நீ பஸ் பிடித்துக் கீழே இறங்கினாய். பழனிக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளம் அடிக்கிற களங்களில், செடியிலேயே முற்றிக் காய்ந்து முத்து உதிர்த்த கட்டைகள் குவிந்து கிடக்கும். அவற்றை அடுப்பெரிக்கத்தான் எடுப்பார்கள். அங்கே ஒரு பெரியவர், “எதுக்கு தம்பி இது? பேனாவுக்கா? ஏலே, இங்க வந்து கேளுங்கடா இவர் சொல்றத” என்று வீட்டு ஆட்களையெல்லாம் கூப்பிட்டுச் சிரித்தாராமே. நீ வந்து அதை என்னிடம் சொல்லிச் சிரித்தாய். அவர் குரலிலேயே சொன்னாய். தன்னைப் பார்த்து மற்றவர் சிரித்ததை இப்படிச் சொல்ல எனக்கு வராது. உன் அப்பாவுக்கு வரும்.

அதன் பிறகு நடந்ததை நான் தினமும் ஜன்னல் வழியே பார்த்தவள். காய்ந்த கட்டையை விரல் நீளத்துக்கு அறுப்பாய். கண்ணாடி ஜாடியில் ரெசின் என்கிற பிசினுக்குள் மூழ்கவைத்து, பம்பு கொண்டு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுவாய். கட்டையிலிருந்து நுரை நுரையாகக் குமிழி கிளம்பும். கடைசிக் குமிழி நிற்கும்வரை நீ அவசரப்பட்டதில்லை. அடுப்பில் சுட்டு இறுகியதும் நடுவே துளையிட்டு, பித்தளைக் குழாய் நுழைத்து, இயந்திரத்தில் மாட்டி உளியை வைப்பாய். ஆரம்பத்தில் பாதிக்கு மேல் உடைந்தன. உடைந்ததை எறியாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்தாய். எது எதனால் உடைந்தது என்று தெரிய, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பெயின்ட் புள்ளி வைத்தாய். “ஒரு நோட்டுல எழுதி வச்சா என்ன?” என்று கேட்டேன். “நெனப்பு இருக்கும்மா” என்றாய். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் நல்ல பேனாவை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். எடுத்துப் பார்த்தேன். முத்து உட்கார்ந்திருந்த ஒவ்வொரு குழியும் ஒரு சின்னக் கண்ணாக, வரிசை வரிசையாக, தேன் நிறத்தில் தெரிந்தது. அப்படி ஒரு ஒழுங்கை எந்தத் தையல்காரியும் ஊசியால் கொண்டுவர முடியாது. கையில் கனமில்லை, ஆனால் எழுதும்போது தள்ளாடுவதும் இல்லை. நான் படித்த கான்வென்டில், பிஷப் வருகிற நாளுக்கென்று எங்கள் சிஸ்டர் பூட்டி வைத்திருந்த வெளிநாட்டுப் பேனாவை ஒருமுறை தொட்டிருக்கிறேன். அது இதைவிட மேல் என்று என்னால் சொல்ல முடியாது. நான் எதையும் எளிதில் புகழ்பவள் இல்லை என்று உனக்குத் தெரியும். அன்றிலிருந்து வேறு பேனாவை நான் தொடவில்லை. இந்தக் கடிதமும் அதில்தான். ஆகவே கௌரவக் குறைச்சல் என்று இனி யாராவது சொன்னால் இந்தத் தாளைக் காட்டு. இன்னொன்று. வாங்க வருகிறவர்களிடம் “சும்மா சோளக் கட்டைதான் சார்” என்று நீ ஆரம்பிக்கிறாய். அந்தச் “சும்மா” வேண்டாம். சோளக் கட்டை என்று நிமிர்ந்து சொல். அது போதும்.

இனி என் எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேட்டை ஓய்வு பெறும்வரை நான்தான் எழுதினேன். இந்த ஊரில் பாதிப் பேர் பிறந்தது என் கையெழுத்தில்தான் என்று உன் அப்பா கேலி செய்வார். எனக்கு அது கேலியாகப் படாது. அதனால்தான், நீ செய்கிற ஒவ்வொரு பேனாவையும் எழுதிப் பார்க்க என்னிடம் கொண்டுவந்தபோது, இது எனக்கு மகன் செய்கிற மரியாதை என்று நினைத்தேன். போன சீசனில் ஒரு சென்னைக்காரர் மனைவியோடு வந்தார், ஞாபகம் இருக்கிறதா? பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நீங்களே ஒரு வரி எழுதிக் காட்டுங்களேன்” என்றார். நீ உடனே, “எங்கம்மா எழுதிக் காட்டுவாங்க சார். அவங்க எழுத்து அச்சுல வார்த்த மாதிரி இருக்கும்” என்று என்னைக் கூப்பிட்டாய். “செய்றது மகன், எழுதுறது அம்மாவா? பாகப்பிரிவினை நல்லா இருக்கே” என்று அவர் சொல்ல, எல்லாரும் சிரித்தோம். நான் இரண்டு வரி எழுதினேன். அந்த அம்மாள் தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று முழுவதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நீ என் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாய். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அதே சீசனில்தான், நீ கொண்டுவந்த ஒரு சோளப் பேனாவை நான் தள்ளினேன். உருவத்தில் அதுதான் எல்லாவற்றிலும் அழகு. எழுதினால் கீறியது. “நிப்பு சரியில்லை, தாளைப் பிறாண்டுது” என்றேன். நீ வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “இது விக்கிறதுக்கு இல்லம்மா” என்றாய். குறை சொன்னதில் கோபம் என்று நினைத்தேன். குறையைக் குறை என்று சொல்வதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு.

ஸ்டெல்லா காட்டிய வரியைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது, முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு ஸ்வெட்டர் என் நினைவுக்கு வந்தது. உனக்கு ஆறு வயது. எதை எடுத்தாலும் இடது கை. கரண்டி, பந்து, சிலேட்டுக் குச்சி எல்லாமே. எங்கள் கான்வென்டில் இடது கையால் எழுதிய பெண்களை விரல் முட்டியில் அடித்தார்கள். நான் அடிக்க மாட்டேன் என்று உறுதியாக இருந்தேன். அது என் கருணை என்று நினைத்தேன். நீ வீட்டில் போடுகிற பழைய ஸ்வெட்டரின் இடது கை நுனியை நீல நூலால் தைத்து மூடினேன். தினமும் சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில் அதைத்தான் நீ போட வேண்டும். உன் அப்பா பெரும்பாறை எஸ்டேட்டிலிருந்து சனிக்கிழமைதோறும் ஆரஞ்சுப் பழப் பையோடு வருவார். வந்ததும் முதல் வேலையாக பிளேடால் அந்தத் தையலைப் பிரித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் பஸ் ஏறியதும் நான் மறுபடியும் தைப்பேன். அந்த வருடம் முழுவதும் இப்படியே போனது.

“அந்தக் கை ஒன்ன என்ன பண்ணுச்சு?” என்று ஒருமுறை கேட்டார்.

“நாளைக்கு இங்க் பேனா குடுப்பாங்க. இடது கையில எழுதினா எழுத எழுதக் கை பட்டு அழிஞ்சுபோகும்.”

“அழிஞ்சா இன்னொரு தடவ எழுதட்டும். என்ன அவசரம், ரயிலா போகுது?”

நீ அழுததில்லை. ஒரே ஒரு நாள் மட்டும், “அம்மா, கைக்கு உள்ள இருட்டா இருக்கு” என்று சொன்னாய். நான், “வெரசா எழுதி முடி, அவுத்துரலாம்” என்றேன்.

எழுதப் பழகினாய். வலது கையில், வளைந்தும் உடைந்தும், எறும்பு மைக்குள் விழுந்து நடந்ததுபோல. நோட்டுகளில் சிவப்பு மைதான் அதிகம். பாலிடெக்னிக்கில் சேர்ந்த முதல் மாதம் விடுதியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் எழுதினாய். நீ எனக்கு எழுதிய ஒரே கடிதம் அது. அதை நான் என்ன செய்தேன் என்று நீ யாரிடமும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, கீழே “கையெழுத்தில் கவனம் தேவை” என்று எழுதி, அதையே உனக்குத் திருப்பி அனுப்பினேன். அக்கறை என்று நினைத்தேன். கோயம்புத்தூரில் இருந்த அத்தனை வருடமும் நீ போன்தான் பேசினாய். மகன் ஒரு வரி எழுதுவதில்லை, பாசம் கம்மி என்று என் தங்கையிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

போன மழைக்காலத்தில், வழக்கத்தைவிட வெள்ளனே டீ எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. நீ மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாய், இடது கையால். தோள் தளர்ந்து, நிதானமாக, கடைசல் இயந்திரத்தின் முன்னால் நிற்பாயே, அதேபோல. என் செருப்புச் சத்தம் கேட்டதும் பேனா வலது கைக்கு மாறியது, இடது கை மேசைக்கு அடியில் போனது. நாற்பத்தொரு வயது ஆள், ஒரு பிள்ளைக்குத் தகப்பன், கையை ஒளித்துக்கொண்டாய். நான் பார்த்தேன். பார்க்காததுபோல் டீயை வைத்துவிட்டு, “ஆறிப்போகும், குடி” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஸ்வெட்டர் தைத்தபோது எனக்கு விவரம் போதாது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கேட்டால் நீ என்ன சொல்வாயோ என்று பயந்தேன்.

திங்கட்கிழமை நீ கட்டை வாங்கக் கீழே போயிருந்தபோது கொட்டகையைத் திறந்து, மேல் இழுப்பறையிலிருந்து, விற்பதற்கு இல்லை என்று நீ சொன்ன அந்தப் பேனாவை எடுத்தேன். கேட்காமல் எடுத்தது தவறு. வலது கையில் பிடித்து எழுதினேன், முன்போலவே கீறியது. பிறகு இடது கைக்கு மாற்றினேன். எழுபத்திரண்டு வயதில் பேனாவைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன் என்றே சொல்லலாம். எழுத்து நண்டு நடந்ததுபோல் வந்தது. ஆனால் நிப்பு கீறவில்லை. எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. அந்த நிப்பை நீ இடது கைக்கென்று எத்தனை நாள் உட்கார்ந்து தேய்த்தாயோ. உன் கைக்கு நீ செய்துகொண்ட ஒரே பேனாவை, என் கையில் வைத்துப் பார்த்துக் குறை சொல்லியிருக்கிறேன். நீயோ அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாய். ஆறு வருடமாக உளி பிடிக்கிற அந்தக் கையின் நிதானத்தை ஜன்னலிலிருந்து வியந்திருக்கிறேன். அது எந்தக் கை என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த ஸ்வெட்டர் இப்போது என்னிடம் இல்லை. எப்போதோ யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. இருந்தால் பிரித்து அனுப்பியிருப்பேன். ஊர்ப் பேச்சைத் திருத்தத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுதி வந்து பார்த்தால் ஊர் சொன்னது பாதி சரி. உன்னைத் தடுத்தது நான்தான், இப்போது இல்லை, அப்போது. மாரியாயியை மறுபடி பார்க்கும்போது அதையும் சொல்லிவிடுவேன்.

நீ சென்னைக்குப் போக வேண்டும் என்று நான் விரும்புகிறேன். கட்டளையாகச் சொல்லவில்லை. என் கட்டளைகள் போதும். பழனி களத்துக் கட்டையைக் கல்லாக்கி, தேன் நிறக் கண்களை வெளியே கொண்டுவந்த கை எழுதுவதையும் அவர்கள் பார்க்கட்டும். மூன்று நாளும் ஸ்டெல்லா என்னோடு இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். போவதானால், திங்கட்கிழமை ஒரு மணி நேரத்தில் நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன், நீ முன்பே அறிந்திருப்பாய். தாளை வலது பக்கமாகச் சாய்த்து வை. கையை வரிக்குக் கீழே வைத்தால் மை அவ்வளவாகப் படாது. இந்த உறைக்குள் மை ஒற்றும் தாள் இரண்டு வைத்திருக்கிறேன். அப்படியும் அழிந்தால் இன்னொரு தடவை எழுது. ரயில் ஒன்றும் போகவில்லை.

கடைசித் தாளில் ஒரே ஒரு வரி இருக்கிறது. அன்றைக்கு உன் பேனாவால், இடது கையால், நான் எழுதியது. உன் பெயரும் நீ பிறந்த தேதியும்தான், பதிவேட்டில் எழுதியதுபோல. இவ்வளவு மோசமான எழுத்தை என் கையிலிருந்து இதுவரை யாரும் வாங்கியதில்லை. நீ வைத்துக்கொள்.

எனக்குப் பதில் எழுது. போனில் வேண்டாம். ஸ்டெல்லாவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். போகிறேன் என்றாலும் மாட்டேன் என்றாலும் சரி, அந்தப் பேனாவால், உன் கையால், ஒரு பக்கம் எழுதி அஞ்சலில் போடு. சிவப்பு மைப் புட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். இந்த முறை கடிதம் என்னிடமே இருக்கும்.

அம்மா